495 வாக்குகள்: அக்ஸ்பிரிட்ஜ் இடைத்தேர்தலில் துணைநின்றோருக்கு ஒரு நன்றி மடல்

சவுத் ரைஸ்லிப்,
30 யூலை 2023

பேரன்புடையீர்,

கடந்த 20ஆம் திகதி மேற்கு இலண்டனில் நடைபெற்ற அக்ஸ்பிரிட்ஜ் – சவுத் ரைஸ்லிப் நாடாளுமன்ற இடைத்தேர்தலில் தொழிற்கட்சி வேட்பாளர் டேனி பீல்ஸுக்காக என்னோடு தெருத்தெருவாக நடந்தவர்களுக்கும், எங்கள் கட்சிக்கு வாக்களிக்க மறுத்த பின்னரும் எனக்குக் கைகொடுத்தவர்களுக்கும் இந்த மடலை எழுதுகிறேன். நாங்கள் தோற்றுவிட்டோம். கன்சர்வேட்டிவ் கட்சியின் ஸ்டீவ் டக்வெல் 13,965 வாக்குகளும் எங்கள் வேட்பாளர் 13,470 வாக்குகளும் பெற்றனர். முன்னாள் பிரதமர் பொரிஸ் ஜோன்சன் 2019இல் 7,210 வாக்கு வித்தியாசத்தில் வென்று, கடந்த யூன் மாதம் பதவி விலகிச் சென்ற தொகுதியில் இடைவெளி 495ஆகக் குறைந்தது பெரிய காரியம் என்று பலர் ஆறுதல் கூறினார்கள். அந்த ஆறுதலை நன்றியோடு ஏற்றுக்கொள்கிறேன். ஆயினும் அந்த 495 என்ற எண் இன்னும் என்னைத் தூங்கவிடவில்லை.

முதல் நன்றி என் அப்பாவுக்கு. அவர் எங்களுக்கு வாக்களிக்கவில்லை. அதை அவர் யாரிடமும் மறைக்கவும் இல்லை; இங்கே எழுதலாமா என்று கேட்டபோது, “உள்ளதை எழுது” என்று மட்டும் சொன்னார்.

அப்பாவை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விடயம் என்பது விளங்கும். அவர் அகதியாக வந்து தஞ்சம் கேட்டுக் காத்திருந்த காலத்தில், இலண்டனின் வேறொரு பகுதியில் இருந்த தொழிற்கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் அவருக்காக உள்துறை அமைச்சுக்கு எழுதிய கடிதத்தின் பிரதி, எங்கள் வீட்டில் பிறப்புச் சான்றிதழ்களோடு ஒரே கோப்பில் இருக்கிறது. பொதுநலவாய நாட்டுக் குடிமக்கள் இங்கு சட்டப்படி வசிக்கும்போது நாடாளுமன்றத் தேர்தலிலும் வாக்களிக்கலாம் என்பதால், பிரித்தானியக் குடியுரிமை கிடைப்பதற்கு முன்பே, இலங்கைக் கடவுச்சீட்டோடு இருந்த காலத்திலேயே, அவர் தம் முதல் வாக்கை 1997இல் அந்தக் கட்சிக்கு அளித்தார். அதற்குப் பிறகு ஒரு தேர்தலிலும் மாறியதில்லை. இந்த முறைதான் மாறினார்.

காரணம் அவருடைய வான். 2012ஆம் ஆண்டு டீசல் வான் அது. வாரத்தில் ஆறு நாள் விடிவதற்கு முன் அதில் சவுத்ஹோலுக்கு அருகிலுள்ள வெஸ்டர்ன் இன்டர்நாஷனல் சந்தைக்குப் போய் மரக்கறி ஏற்றிவந்து கடைகளுக்குக் கொடுப்பது அவருடைய தொழில். எங்கள் கட்சியைச் சேர்ந்த இலண்டன் மாநகர முதல்வர் சாதிக் கானின் யூலெஸ் வலயம், அதாவது புகை மிகுந்த பழைய வாகனங்களுக்குக் கட்டணம் அறவிடும் வலயம், ஓகஸ்ட் 29 முதல் எங்கள் பகுதிக்கும் விரிவடையும்போது, அந்த வானுக்கு நாளொன்றுக்கு 12.50 பவுண், வாரத்துக்கு 75 பவுண் கட்டவேண்டும். நான் ஓர் இரவு அவரோடு நீண்ட நேரம் வாதாடினேன். யூலெஸ் திட்டத்தை முதலில் அறிவித்தவரே மாநகர முதல்வராக இருந்தபோது பொரிஸ் ஜோன்சன்தான் என்று சொன்னேன். “ஆர் தொடங்கினாலும் கட்டப்போறது நான்தானே பிள்ளை” என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

என்னிடம் இருந்தது வேறொரு நியாயம். அதுவும் எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தது. என் தம்பி சிறுவயதிலிருந்து ஆஸ்துமாவோடு வாழ்பவன். இலண்டனின் தென்கிழக்கில், லூயிஷத்தில், 2013இல் ஒன்பது வயதில் இறந்துபோன எல்லா அடூ-கிசி-டெப்ரா என்ற சிறுமியின் மரணத்துக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தபோது, நானும் அம்மாவும் அந்தச் செய்தியை ஒன்றாக இருந்து கேட்டோம். தம்பி மூச்சுக்குத் திணறிய இரவுகளில் அவனை மருத்துவமனைக்குக் கொண்டு ஓடியது அதே அப்பாதான், அதற்கு முன்பிருந்த இன்னொரு டீசல் வானில். இந்த இரண்டையும் ஒருசேர மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு வீட்டின் கதவைத் தட்டி நம்பிக்கையோடு பேசுவது எனக்கு எளிதாக இருக்கவில்லை. யூலை தொடக்கத்தில் எங்கள் வேட்பாளரே, விரிவாக்கத்துக்கு இது உகந்த நேரமல்ல என்று ஒரு விவாத மேடையில் சொன்ன பிறகு, நான் என்ன பேசவேண்டும் என்பதே இரண்டு நாள்களாக விளங்கவில்லை. அந்த இரண்டு நாள்களும் என்னைக் கதவு தட்ட அனுப்பாமல், முகவரி அட்டைகளை ஒழுங்குபடுத்தும் வேலையைத் தந்து, காரணம் கேட்காதிருந்த அமைப்பாளர் அக்காவுக்கு என் நன்றி.

அப்பா செய்த உதவிக்கு வருகிறேன். எங்கள் பகுதிக்கான துண்டுப்பிரசுரக் கட்டுகளை எடுத்துவருவதாக இருந்தவரின் கார் பழுதடைந்தபோது, சந்தையிலிருந்து திரும்பிய களைப்போடு அப்பாவே அவற்றைப் போய் ஏற்றிவந்தார். வெங்காய மூடைகளுக்கும் கத்தரிக்காய்ப் பெட்டிகளுக்கும் நடுவே, தாம் வாக்களிக்கப் போகாத ஒருவரின் முகம் அச்சிட்ட தாள்கள் நனையாமல் இருக்கப் படங்கு போட்டு மூடிக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு வாக்களிப்பு நாள் வரை அந்தப் பொறுப்பை வேறொருவரிடம் விடவில்லை. கட்சிக்காகச் செய்யவில்லை, மகள் கைவைத்த வேலை பாதியில் நிற்கக்கூடாது என்பதற்காகச் செய்தேன் என்று பின்னர் அம்மாவிடம் சொன்னாராம்.

அடுத்து என் சித்தப்பாவுக்கு. அவர் கன்சர்வேட்டிவ் கட்சியின் தொண்டர் என்பது ஊரறிந்தது. 2013 நவம்பரில் அக்கட்சியின் அன்றைய பிரதமர் டேவிட் கமரன் யாழ்ப்பாணம் சென்ற நாளிலிருந்து அவருடைய பற்று உறுதியானது; 1948க்குப் பின் வடக்கே காலடி வைத்த முதல் வெளிநாட்டுத் தலைவர் அவர் என்பதை என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். வாக்களிப்பு நாளன்று ஒரே நிலையத்தின் வாசலில், அவர் நீலப் பூச்சின்னத்தோடும் நான் சிவப்புப் பூச்சின்னத்தோடும் நின்று, எங்கள் ஆதரவாளரில் யார் இன்னும் வரவில்லை என்று அறிவதற்காக, வாக்களித்து வருவோரிடம் அவர்களுடைய வாக்காளர் இலக்கங்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டோம். நான் சாப்பிடப் போன அரைமணி நேரமும் என் தாளில் இலக்கங்களை ஒன்றுவிடாமல் அவரே எழுதிவைத்திருந்தார். மாலையில் நான் அதையே அவருக்குச் செய்தேன். இது இந்த நாட்டில் எதிரெதிர்க் கட்சிக்காரர்களிடையே உள்ள பழைய வழக்கம்தான். ஆனாலும் பூச்சின்னம் குத்திய கையாலேயே எனக்குத் தேநீர் ஊற்றித் தந்தபோது, “உன்ர கட்சி தோற்கவேணும், நீ களைக்கக்கூடாது” என்று அவர் சொன்னது நான் மறக்கக்கூடியதல்ல.

இங்கிலாந்தில் நாடாளுமன்ற இடைத்தேர்தலில் புகைப்பட அடையாள அட்டை கேட்கப்பட்டது இதுவே முதல் தடவை. யூஸ்லியில் வசிக்கும் ஒரு பாட்டியம்மா, தம்மிடம் சாரதி அனுமதிப்பத்திரம் இல்லை, ஆகவே வீட்டிலேயே இருந்துவிடுகிறேன் என்றார். முதியோருக்கான இலவசப் பயண அட்டையே போதும் என்று பொறுமையாக விளக்கி, கைபிடித்து அழைத்துவந்த புரூனல் பல்கலைக்கழக மாணவிக்கும், நம்பி எழுந்து வந்த அந்தப் பாட்டியம்மாவுக்கும் தலைவணங்குகிறேன். நூற்றுக்கு நாற்பத்தாறு பேரே வாக்களித்த தேர்தலில் அப்படி வந்த ஒவ்வொருவரும் எங்களுக்குப் பெரும் செல்வம்.

ஆறு வாரமும் இரவு பத்து மணிக்கு வந்தவர்களுக்கெல்லாம் இடியப்பமும் சொதியும் வைத்திருந்த அம்மாவுக்கு நான் தனியாக நன்றி சொல்லிக்கொள்கிறேன். அவர் யாருக்கு வாக்களித்தார் என்பது இன்றுவரை எங்களில் எவருக்கும் தெரியாது. கதவைத் திறந்து கோபமாகப் பேசியவர்களுக்கும் நன்றி. ஹில்லிங்டன் மருத்துவமனையின் புதிய கட்டடம் எப்போது வரும் என்று கேட்டு என்னை இருபது நிமிடம் வாசலில் நிறுத்தியவரின் கேள்வி நியாயமானது. அதை உரிய இடத்துக்குக் கொண்டு சேர்த்துவிட்டேன்.

மீள எண்ணி முடிவு அறிவித்த பிறகு, விடியுமுன் நான் வீடு திரும்பியபோது, அப்பா சந்தைக்குப் புறப்பட்டு வானின் கதவைத் திறந்துகொண்டிருந்தார். எத்தனை வாக்கு என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, “அதில என்ர ஒண்டும் இருக்கு” என்றார். எனக்கு அழுகை வந்தது, கோபத்தால் அல்ல. அவர் என்னை உள்ளே அனுப்பி, நான் கதவைப் பூட்டும்வரை நின்றுவிட்டே போனார்.

யூலெஸ் விரிவாக்கத்தை எதிர்த்து எங்கள் ஹில்லிங்டன் உட்பட ஐந்து உள்ளூராட்சி மன்றங்கள் தொடுத்த வழக்கை நேற்று முன்தினம் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. ஆகவே ஓகஸ்ட் 29 உறுதி. பழைய வானைக் கழிப்பவர்களுக்கு மாநகர முதல்வரின் திட்டத்தில் கிடைக்கும் 5,000 பவுணுக்கான விண்ணப்பத்தை இன்று காலை அப்பாவும் சித்தப்பாவும் நானும் சாப்பாட்டு மேசையில் இருந்து நிரப்பினோம். இதே நிலையில் உள்ள எவருக்கும், எந்தக் கட்சிக்கு வாக்களித்திருந்தாலும், அந்த விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்க நாங்கள் மூவரும் ஆயத்தமாக இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வாருங்கள். வரும்போது வாகனப் பதிவுப் பத்திரத்தை மறவாமல் எடுத்துவாருங்கள்.

என்றும் நன்றியுடன்,
உங்களோடு நடந்த தொண்டர் ஒருத்தி