மஞ்சள் வைத்த கவர்

சேலத்துச் சொந்தங்களுக்கும் ஏற்காட்டு மக்களுக்கும்,

நேற்று ராத்திரி டெல்லியிலிருந்து தகவல் வந்துவிட்டது. எங்கள் தத்தெடுப்புக் கோப்பை ‘காரா’ ஏற்றுக்கொண்டது, தத்தெடுப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பு அது. இங்கே நியூஜெர்சியில் மணி மூன்று. அவர் பல நாள் கழித்து அயர்ந்து தூங்குகிறார். எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. சரி, உங்களுக்கு நன்றி சொல்லிவிட்டுப் படுக்கலாம் என்று எழுத உட்கார்ந்தேன்.

பட்ட பாடெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். எங்கள் இருவர் வயதையும் கூட்டினால் 84. பதியும் நாளில் 85-ஐத் தாண்டியிருந்தால் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை கிடையாது. அவருடைய பிறப்புச் சான்றிதழில் பெயரே இல்லை, ‘ஆண்’ என்று மட்டும். அந்தக் காலத்தில் யார் வீட்டில்தான் பெயரோடு பதிந்தார்கள்! கல்யாணச் சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் மாமனார் பெயர் முழுசாக. மூன்றும் ஒரே ஆள்தான் என்று காட்டுவதற்குள் பதினேழு நாள் லீவும் ஓடிப்போனது.

அந்தக் கடைசி சாயங்காலத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும். மறுநாள் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு உள்ளூர் விடுமுறை. நோட்டரி கையெழுத்து வாங்கிக்கொண்டு வெளியே வரும்போதே இருட்டிவிட்டது. கலெக்டர் ஆபீஸ் பக்கத்துச் சந்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பாதி ஷட்டர் இறங்கியிருந்தது. குனிந்து பார்த்து, “அக்கா, மூணு செட்டு மட்டும்” என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் மிஷினை மறுபடி போட்டார்.

ஒவ்வொரு தாளாக வாங்கி, சேலையில் கையைத் துடைத்துவிட்டு வைத்தார். பாதியில் நிறுத்தி, “இது எதுக்குக் கண்ணு, சொத்துப் பத்திரமா?” என்றார். குழந்தைக்கு, தத்தெடுக்கப் போகிறோம் என்றேன். அந்தப் பதினேழு நாளில் எத்தனையோ கவுன்ட்டரில் சொன்ன வார்த்தைதான். இந்த ஒரு இடத்தில் சொல்லும்போது மட்டும் குரல் உடைந்துவிட்டது.

அக்கா அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. எத்தனை வருஷமாச்சு, யாருக்குக் குறை, டாக்டர் என்ன சொன்னார், ஒன்றும் இல்லை. மூன்று செட்டையும் தட்டி அடுக்கி, புதுக் கவர் ஒன்றை எடுத்துப் போட்டார். அப்புறம் சாமி படத்துக்கு முன்னால் இருந்த மஞ்சள் கிண்ணத்தில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்தார். “ஒரிஜினல்ல வைக்கக் கூடாது, ஆபீசுல ஏத்துக்க மாட்டாங்க. கவருல வைக்கறேன்” என்று சொல்லி நாலு மூலையிலும் தடவினார், கல்யாணப் பத்திரிகைக்குத் தடவுவோமே, அதே மாதிரி.

எனக்குச் சுருக்கென்றது. ஆடியில் நல்ல காரியம் ஆரம்பிக்கிறோமே என்று அம்மா காலையில்தான் புலம்பியிருந்தார். அதையும் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். “ஆத்தா மாசம் இது. புள்ளைக்கு இதை விட நல்ல மாசம் எது கண்ணு?” என்றார். ஜெராக்ஸுக்கு என்ன காசோ அதை வாங்கிக்கொண்டார், கவருக்கு மட்டும் வாங்கவில்லை.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்கென்று எதற்கும் யாரும் மஞ்சள் குழைத்ததில்லை. வளைகாப்பு வீடுகளில் பின் வரிசையில் உட்கார்ந்து பழகியவள் நான். அதுவரை எல்லாருக்கும் அது ஃபைல், எனக்கும் ஃபைல்தான். அன்றைக்கு ராத்திரி ரயிலில் சென்னை வரைக்கும் அந்தக் கவரை மடியிலேயே வைத்திருந்தேன். மேலே வைக்கச் சொன்னார் அவர். மனசு வரவில்லை.

மற்ற எல்லாருக்கும் சேர்த்தே சொல்கிறேன். பழைய பதிவேட்டைத் தூசி தட்டித் தேடிக் கொடுத்த ஏற்காட்டுப் பெரியவருக்கு, எங்களுக்காக இருபது கொண்டை ஊசி வளைவையும் நான்கு தடவை ஏறி இறங்கிய மாமாவுக்கு, பரிந்துரைக் கடிதம் எழுதித் தந்த அம்மாபேட்டை வீட்டு அண்டை அயலாருக்கு, நேரம் பார்க்காமல் சோறு போட்ட சித்திக்கு. உங்களில் ஒருவர் இல்லாவிட்டாலும் அந்தக் கவரில் ஒரு தாள் குறைந்திருக்கும்.

இனி வரிசையில் எங்கள் முறை வர வேண்டும். குழந்தையின் விவரம் வந்து நாங்கள் சம்மதம் சொல்லி, தடையில்லாச் சான்று கிடைத்த பிறகு, குழந்தை இருக்கும் மாவட்டத்து ஆட்சியர் உத்தரவு போடுவார். முன்பெல்லாம் இதற்குக் கோர்ட் படி ஏற வேண்டும், 2022 செப்டம்பரிலிருந்துதான் ஆட்சியரிடம் வந்திருக்கிறது. எத்தனை மாதமோ, வருஷமோ. குழந்தை பிறந்துவிட்டதா, இனிமேல்தான் பிறக்குமா என்பதுகூட எங்களுக்குத் தெரியாது. அதை நினைத்தால் சமையலறையில் கை அப்படியே நின்றுவிடுகிறது.

ஜெராக்ஸ் கடை அக்கா, உங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். அந்தக் கவர் இங்கே சாமி மாடத்தில் இருக்கிறது. உத்தரவு எந்த ஊரில் கைக்கு வந்தாலும் சரி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேராகச் சேலம் வருவோம். கோட்டை மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்துவிட்டு உங்கள் கடைக்குத்தான் வருவோம். மூன்று செட்டு எடுக்க வேண்டியிருக்கும்.