ஏ9 வீதியில் மின்சார லொறி

ஆசிரியர் அவர்களுக்கு,

2022இல் டீசல் வரிசையில் நாட்கணக்கில் லொறிகள் நின்றதைக் கண்ட வன்னிக்கு, மின்சார லொறி வெறும் நகரத்து நாகரிகமல்ல.

கிளிநொச்சியிலிருந்து மரக்கறி மொத்தச் சந்தையான தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு ஏறத்தாழ 180 கிலோமீற்றர். வீதி பெரும்பாலும் சமதரை. நடுத்தர மின்சார லொறிக்கு எட்டாத தூரமல்ல. மரக்கறி லொறிகள் பல இரவில் ஓடி, பகலில் சும்மா நிற்கின்றன. 2025 சித்திரைப் புத்தாண்டில் மின்தேவை குறைந்தபோது கூரைச் சூரியக்கலங்களை நிறுத்திவைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டது. வீணாகும் அந்த வெயிலை லொறியில் ஏற்ற என்ன தடை?

தடை இருக்கத்தான் செய்கிறது. 300 கிலோவாற் மணித்தியால மின்கலத் தொகுதி ஏறத்தாழ இரண்டு தொன் பாரம். அவ்வளவு நெல்லைக் குறைத்து ஏற்ற எந்த முதலாளி சம்மதிப்பார்? விலையோ டீசல் லொறியைவிட மிக அதிகம். இங்கே பலர் லீசிங் தவணை கட்டியே ஓடுகிறார்கள். காருக்கான மின்னேற்றி பாரவாகனத்துக்குப் போதாது. நாலைந்து லொறிகள் ஒன்றாக விரைந்து மின்னேற்றப் பல நூறு கிலோவாற் வலு வேண்டும், தனி மின்மாற்றியும் வேண்டும். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கத்து உள்வீதிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எனவே நெல் ஆலைக்கும் சந்தைக்கும் இடையே ஓடும் சிறிய லொறிகளில் தொடங்குவதே புத்தி. முல்லைத்தீவு வீதி ஏ9இல் வந்து சேரும் மாங்குளத்தில், சூரியக்கூரையுடன் ஒரு மின்னேற்று நிலையத்தை அரசு முதலில் அமைக்கட்டும். வாகன இறக்குமதி வரியைப் பற்றிப் பிறகு பேசலாம்.

ஒரு வாசகர்,
கிளிநொச்சி.