உபயம் என்று எழுதாத லெந்து: ஒரு நன்றி மடல்

கிறிஸ்துவுக்குள் பிரியமான சேகரத்துச் சபையாருக்கும், சேகரத்துக்கு வெளியே இருந்து கைகொடுத்தவர்களுக்கும், லெந்து கால தர்ம நிதிக் குழுவின் ஸ்தோத்திரம்.

நன்றி மடல் என்றால் முதலில் பெயர்ப்பட்டியல் வரும், பட்டம் பதவியோடு. இதில் ஒரு பெயரும் வராது. "உன் வலதுகை செய்கிறதை உன் இடதுகை அறியாதிருக்கக்கடவது" என்ற மத்தேயு 6-ஆம் அதிகாரத்து வார்த்தையை ஒரு லெந்து (ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம்) முழுக்க அப்படியே செய்து பார்ப்போம் என்று தொடங்கிய வேலை இது. கடைசியில் மைக் பிடித்துப் பெயர் வாசித்தால் அத்தனையும் வீண். அதனால் செய்த வேலையைச் சொல்லி நன்றி சொல்கிறோம். அவரவர் வேலை அவரவருக்குத் தெரியும்.

சேகரத்தின் எல்லாப் பணத்துக்கும் இந்த ஏற்பாடு இல்லை. சபைச் சந்தாவுக்கு வழக்கம்போல் பெயர் போட்டுத்தான் ரசீது. சபைத் தேர்தலின் வாக்காளர் பட்டியல் அதை நம்பி இருக்கிறது. அறுப்பின் பண்டிகை ஏலத்திலும் கை வைக்கவில்லை. வாழைத்தார் ஆயிரத்துக்குப் போவது தாரின் ருசிக்காக அல்ல என்பது எல்லாருக்கும் தெரியும். அந்தக் கலகலப்பு வேறு கணக்கு. இல்லாத வீட்டுக்குப் போகும் பணம், அரிசி, இவை இரண்டில் மட்டும் பெயரை எடுத்தோம்.

உறை தயாரித்த வாலிபர் சங்கத்துப் பிள்ளைகளுக்கு முதல் நன்றி. ஒரே அளவு, ஒரே பழுப்பு நிறம், மேலே அச்சு இல்லை, எண்ணும் இல்லை. எண் போட்டால் எந்த எண் எந்த வீடு என்று இரண்டாம் வாரமே தெரிந்துவிடும். ஒவ்வோர் உறைக்குள்ளும் ஏ4 தாளில் மூன்றில் ஒரு பங்கை மடித்து, முன்கூட்டியே வைத்துக் கொடுத்தார்கள். இந்த ஏற்பாட்டின் உயிரே அந்த வெறுந்தாள்தான். கொடுக்க முடியாத வாரம் உறையை அப்படியே ஒட்டிப் போட்டுவிடலாம்; ஐந்நூறு ரூபாய் நோட்டு வைத்த உறைக்கும் அதற்கும் கையில் பிடித்தால் வித்தியாசம் தெரியாது. எல்லா வீட்டுக்கும் உறை உண்டு, எல்லா வீடும் போட வேண்டும். கொடுக்கிறவர் மட்டும் எழுந்து போனால், உட்கார்ந்திருப்பவர் யார் என்பதைச் சபையே பார்க்கும். கொடுத்தவரை மறைத்து, இல்லாதவரை வெளிச்சத்தில் நிறுத்துகிற அந்தரங்கம் யாருக்கு வேண்டும்?

பெட்டி செய்த ஆசாரிக்கு அடுத்த நன்றி. பித்தளைக் காணிக்கைத் தட்டில் நோட்டின் நிறம் தெரியும். பத்து ரூபாய் வைத்திருப்பவர் கை தயங்கும். காணிக்கைப் பையில் நோட்டு மறையும், சில்லறை சத்தம் போடும். பெட்டியின் அடியில் தடித்த துண்டு ஒன்றை நான்காக மடித்து விரித்ததும் சத்தம் நின்றது. வாய்க்குக் கீழே சாய்வாக ஒரு பலகை அடித்திருக்கிறார். உறை சரிந்து விழும், குச்சி விட்டு எடுக்க முடியாது. இரண்டு பூட்டு, சாவிகள் உறவில்லாத இரண்டு குடும்பங்களிடம். பீடத்துக்கு முன்னால் வைத்தால் ஊர்வலம் ஆகிவிடும், ஒதுக்குப்புறத்தில் வைத்தால் பெட்டியே காணாமல் போய்விடும். செருப்பு விடும் வாசலருகே வைக்கச் சொன்ன அம்மாவுக்கு இங்கேயே நன்றி சொல்லிவிடுகிறோம். குனிந்து செருப்பு மாட்டுகிற நேரத்தில் யாரும் யாரையும் கவனிப்பதில்லை.

எண்ணும் வேலைக்கு மூன்று பேர். ஒருவர் உறையை வெட்டிக் கொட்டுவார். உறையின் மேல்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கக் கூடாது. ஏனென்றால் பழக்க தோஷத்தில் பலர் பெயர் எழுதிவிடுகிறார்கள், "மகள் கல்யாண காரியம் கைகூட ஜெபிக்கவும்" என்பதோடு சேர்த்து. (ஜெபக் குறிப்புக்குத் தனிப் பெட்டி வைத்த பிறகு இது குறைந்தது.) மற்ற இருவரும் தனித்தனியாக எண்ணி, நோட்டு வாரியாகத் தாளில் எழுதி, கையெழுத்துப் போட்ட பிறகுதான் தொகையை வாய்விட்டுச் சொல்வார்கள். முதலில் சொல்லிவிட்டால் இரண்டாமவர் கணக்கு தானாகவே முதலாமவர் கணக்கோடு ஒத்துப்போகும். எண்ணிய மேசைக்கு இழுப்பறை கிடையாது. வெட்டிய உறைகள் அன்றைக்கே அடுப்புக்கு, பணம் திங்கள்கிழமை வங்கிக்கு.

சிக்கல் வந்தது யுபிஐ-யில். பணம் விழுந்ததும் தொகையைச் சத்தமாகச் சொல்லும் சவுண்ட் பாக்ஸ் ஒன்றும் வாசலில் இருந்தது. தர்மம் செய்யும்போது உனக்கு முன்பாகத் தாரை ஊதுவியாதே என்று ஆண்டவர் சொன்னதை நினைத்துச் சிரித்துக்கொண்டே அதைக் கழற்றிய தம்பிக்கு நன்றி. வங்கிக் கணக்கு விவரத்தில் அனுப்பியவர் பெயர் வரத்தான் செய்யும், அதை மறைக்க வழியில்லை. குறுஞ்செய்தி அலுவலகத்தின் பொதுப் போனுக்குப் போகாமல் பொருளாளர் எண்ணுக்கு மட்டும் போகும்படி மாற்றினோம். கணக்கு விவரத்தைப் பார்ப்பவர்கள் அவரும் தணிக்கையாளரும் மட்டும்.

"பெயரே இல்லையென்றால் பணம் எங்கே போகிறதென்று எப்படித் தெரியும்?" என்று கமிட்டியில் நேருக்கு நேர் கேட்ட பெரியவர்களுக்கு விசேஷ நன்றி. எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்ந்த பணத்தைக் கொண்டுபோகும்போது ஒருவரும் குற்றம் சொல்ல இடமிருக்கக் கூடாது என்று பவுல் இதைத்தான் கவலைப்பட்டார் (2 கொரிந்தியர் 8). மறைக்க வேண்டியது பெயரை, தொகையை அல்ல. வெளியே போன உறை எத்தனை, திரும்பி வந்தது எத்தனை, நோட்டு வாரிப் பட்டியல், வங்கியில் கட்டிய சீட்டின் நகல் எல்லாம் வாராவாரம் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டன. இன்னும் அங்கேதான் இருக்கின்றன, பார்த்துக்கொள்ளலாம். 12-ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ் ஈகையை எட்டுப் படிகளாகப் பிரித்தார். கொடுப்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் அறியாதது மேலிருந்து இரண்டாவது படி. பொது நிதியில் போடுவதும் அதற்குப் பக்கத்தில்தான் வரும், ஆனால் நிதியைக் கையாள்பவர் நம்பத்தக்கவர் என்று தெரியாமல் போடாதே என்கிறார். நம் பெரியவர்கள் கேட்டதும் இதேதான்.

தணிக்கையாளர் ஐயா சுட்டிக்காட்டிய ஒரு காரியம் மற்றச் சபைகளுக்கும் உதவும். கொடுத்தவர் விவரம் இல்லாத நன்கொடைக்கு அறக்கட்டளைகள் 30 சதவீதம் வரி கட்ட வேண்டும் என்ற விதி 2006-ல் வந்தது. முழுக்க மதப்பணிக்கான அமைப்புக்கு அதிலிருந்து விலக்கு. மதப்பணியும் தர்மப்பணியும் சேர்த்து நடத்தும் அமைப்புக்கும் பொதுவாக விலக்கு உண்டு. ஆனால் அது நடத்தும் பள்ளிக்கு, ஆஸ்பத்திரிக்கு என்று குறித்துப் பெயரில்லாமல் கொடுத்தால் அந்தத் தொகை வரிக்குள் வரும். அதனால் உறையில் "ஸ்கூலுக்கு" என்று எழுதாதீர்கள். பள்ளிக்குத் தர விரும்புகிறவர்கள் பெயர் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அதில் மாய்மாலம் ஒன்றும் இல்லை.

இனி, வாங்கும் பக்கம். உண்மையில் வேலை அதிகம் அங்கேதான்.

எருசலேம் தேவாலயத்தில் 'இரகசிய அறை' என்று ஒன்று இருந்ததாக யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது. தேவபயமுள்ளவர்கள் அதில் இரகசியமாகப் போடுவார்கள். நல்ல குடும்பத்தில் பிறந்து நொடித்துப்போனவர்கள் இரகசியமாக அதிலிருந்து பிழைப்பார்கள். காணிக்கைப் பெட்டிகள் பதின்மூன்று வேறே இருந்தன, அடி பெருத்து வாய் குறுகிய கொம்பு வடிவத்தில். சுவிசேஷத்தில் வரும் ஏழை விதவை இரண்டு காசு போட்டதைப் பார்க்க முடிந்தது. இரகசிய அறைக்கு வந்துபோனவர்களைப் பார்க்க முடியாது. நாம் கொடுப்பவரின் அந்தரங்கத்தைப் பற்றிப் பிரசங்கம் கேட்டிருக்கிறோம். வாங்குகிறவருக்கும் அது வேண்டும் என்பது அந்த அறையைக் கட்டியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நிவாரணப் பை கொடுப்பதில் என்ன தப்பு என்று கேட்கலாம். பை ஒரே நிறம். தெருவில் தூக்கிக்கொண்டு நடந்தால் யார் வாங்கினார்கள் என்று சொல்லவே வேண்டாம். அதோடு ஒரு போட்டோ: பையின் ஒரு காதைக் கொடுப்பவரும் மறு காதை வாங்குபவரும் பிடித்துக்கொண்டு, ஒருவர் காமிராவைப் பார்க்க மற்றவர் தரையைப் பார்க்க. சாயங்காலம் அது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். இந்த முறை பையே கிடையாது. மளிகைக்கடை அண்ணாச்சி அந்த இடத்தில் வந்தார். அவர் நம் சபைக்காரர் அல்ல. நம் சபையில் பலருடைய கஷ்டம் நம்மைவிட அவருக்கு நன்றாகத் தெரியும், பற்று நோட்டு அவரிடம்தானே இருக்கிறது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 10 கிலோ அரிசி, ஒரு கிலோ துவரம்பருப்பு, ஒரு லிட்டர் எண்ணெய் என்று கணக்குப் போட்டு, அந்தத் தொகையைப் பற்றில் கழித்தார். வாங்குகிறவர் எப்போதும்போல் கடைக்குப் போய், எப்போதும்போல் வாங்கி வந்தார். "யார் கட்டினது?" என்று கேட்டவர்களுக்கு "கட்டியாச்சு" என்று மட்டும் சொன்ன அவர் வாய்க்கு இந்தச் சேகரம் கடன்பட்டிருக்கிறது.

பள்ளிக் கட்டணம் பள்ளியிலேயே, மருந்துக் கடை பாக்கி கடையிலேயே கட்டப்பட்டது. ரசீது அந்தந்தக் குடும்பத்தின் பெயரில். வீடுகளின் பட்டியல் சேகரகுருவிடம் மட்டும், எண்களாக. அவருக்கு மாறுதல் வந்தால் முத்திரையிட்ட உறையில் அடுத்தவர் கைக்குப் போகும், கமிட்டி மேசைக்கு வராது.

பிடி அரிசி கொடுத்த வீடுகளுக்கு வருவோம். உலையில் போடுவதற்கு முன் ஒரு பிடி எடுத்து வைப்பது. ஒரு பிடி சுமார் 50 கிராம், நாற்பது நாளுக்கு இரண்டு கிலோ. இதில் கெட்டுப்போவது இரண்டு விதத்தில். ஒன்று வண்டு: மாதக் கடைசியில் மொத்தமாகச் சேர்த்தால் வந்தே தீரும், வாராவாரம் சேர்த்து டிரம்மில் காய்ந்த வேப்பிலை போட்டால் தப்பும். இரண்டாவது, கலப்பு: பச்சரிசியும் புழுங்கலும் ரேஷன் அரிசியும் ஒன்றாய்ச் சேர்ந்தால் ஒன்று குழையும், ஒன்று வேகாது. பச்சரிசிக்கு ஒரு டிரம், மற்றதற்கு ஒன்று. பாலித்தீன் கவர் வேண்டாம், மஞ்சப்பையில் கொண்டுவாருங்கள் என்று சொன்னது பிளாஸ்டிக் ஒழிப்புக்காக மட்டும் அல்ல. உள்ளே இருப்பது பொன்னியா ரேஷனா என்பது யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

அந்த அரிசி புனித வெள்ளி மும்மணி ஆராதனைக்குப் பின் கஞ்சியானது. 10 கிலோ அரிசிக்கு 2 கிலோ பாசிப்பயறு, அரைக் கிலோ பூண்டு, 100 கிராம் வெந்தயம், 70 லிட்டர் தண்ணீர். நூறு பேருக்குத் தாராளம். குருணை அதிகமானால் அடிப்பிடிக்கும், ஒருவர் விடாமல் துழாவ வேண்டும். பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மாமார் முறை வைத்துத் துழாவினார்கள். தேங்காய்த் துவையலில் உப்பு கொஞ்சம் கூடுதல் என்பதை எழுதாவிட்டால் இந்த மடலை அவர்களே நம்பமாட்டார்கள்.

உபவாசத்தைப் பற்றிச் சுருக்கமாக. "இன்று உபவாசம் இருப்பவர்கள் கையை உயர்த்துங்கள்" என்ற கேள்வி இந்த லெந்தில் கேட்கப்படவில்லை. கேட்காமல் விட்ட போதகருக்கு நன்றி. பின்கட்டு அறையில் மதியம் கஞ்சி இருந்தது. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டை விடக் கூடாது, கை நடுக்கம், வியர்வை, தலைசுற்றல் வந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் சொன்ன செவிலியர் அக்காமாருக்கும் நன்றி. அறிவிப்புகளையும் விருந்தினர் அறிமுகத்தையும் ஜெபத்துக்குள் வைத்து ஆண்டவருக்குத் தெரிவிக்கும் வழக்கத்தைக் குறைத்துக்கொண்ட சகோதரர்களுக்கும்தான்.

உபயம் பற்றிக் கேட்டவர்களுக்கு: பழைய பெயர்கள் எதையும் அழிக்கவில்லை. அப்பா நினைவாக வைத்த கல்வெட்டைத் தடவிப் பார்க்கும் பிள்ளையிடம் அது பெருமை என்று சொல்ல எங்களுக்கு உரிமையில்லை. புதிதாக வந்த மின்விசிறிகளில் மட்டும் எழுதவில்லை. எப்படியும் இறக்கையில் எழுதிய பெயரைக் கரண்ட் போனால்தான் வாசிக்க முடியும். பெயர் வராததில் மனவருத்தப்பட்டு, ஆனாலும் கடைசி வாரம் வரை உறை போட்டவர்களுக்கு, மற்ற எல்லாரையும்விட ஒரு படி அதிகமாக நன்றி. பெயர் வேண்டாம் என்று சொன்னதையே நாலு பேரிடம் சொன்னவர்களும் இருந்தார்கள், குழுவிலும் இருந்தார்கள்.

மீந்த உறைகளும் இரண்டு டிரம்களும் சபை ஊழியரிடம் இருக்கின்றன. பக்கத்துச் சபைகள் கேட்டால் கொடுக்கலாம். டிரம்மைக் கழுவினால் இரண்டு நாள் வெயிலில் காயவைத்த பிறகே மூட வேண்டும். சாய்வுப் பலகையின் அளவு வேண்டுமென்றால் ஆசாரியைப் பார்த்துக் கேளுங்கள். கொடுத்தவர்கள், வாங்கியவர்கள் பற்றி எங்களிடம் கேட்க வேண்டாம்.

கர்த்தருடைய பணியில்,
லெந்து கால தர்ம நிதிக் குழுவினர்