இளையாத்தங்குடி வேறு, இளையான்குடி வேறு

ஊர்ப் பெயர்களைப் பதிவேட்டிலும் பலகையிலும் எழுதும் பொறுப்பில் உள்ள அலுவலர் பெருமக்களுக்கு, இளையாத்தங்குடியில் பிறந்தவன் எழுதும் மடல். வணக்கம்.

எங்கள் ஊரின் பெயர் உங்கள் கோப்புகளில் ‘இளையான்குடி’ என்று மாறிக் கிடப்பதைப் பலமுறை எழுதிக் கொடுத்திருக்கிறோம். இரண்டு ஊர்களும் சிவகங்கை மாவட்டத்தில்தான் உள்ளன. ஒன்று வடக்கே திருப்பத்தூர் வட்டத்தில், மற்றொன்று தெற்கே, தன் பெயராலேயே ஒரு வட்டமாக. இவை உங்களுக்குத் தெரியாதவை அல்ல.

சென்ற மாதம் என் அத்தையின் சான்றிதழ் ஒன்றில் பிறந்த ஊர் இளையான்குடி என்று அச்சாகி வந்தது. திருத்தம் கேட்டுப் போனபோது, அந்த ஊரில் அவருடைய பிறப்பு பதிவாகவில்லை என்று அங்கிருந்தே எழுதி வாங்கி வரும்படி சொல்லிவிட்டார்கள். 74 வயதில், மூட்டுவலியோடு, பேருந்து மாறி மாறி, வாழ்நாளில் ஒருமுறையும் கால்வைத்திராத ஊருக்குப் போய், ‘நான் இந்த ஊர்க்காரி இல்லை’ என்று சொல்ல அவர் ஒரு பகல் முழுவதும் வாசல் திண்ணையில் காத்திருந்தார். மாலையில், திங்கட்கிழமை வரச் சொல்லி அனுப்பினார்கள். இதை எழுதும்போது என் கை நடுங்குகிறது. ஆயினும் மரியாதை குறையாமலேயே எழுதுகிறேன்.

புதுவயலுக்கு வாக்கப்பட்டுப் போன நாளிலிருந்து அத்தையை அங்கு எவரும் சொந்தப் பெயரால் அழைத்ததில்லை. பெரியவர்களுக்கு அவர் ‘எளயாத்தங்குடியா’, பேரப்பிள்ளைகளுக்கு ‘எளயாத்தங்குடி அப்பத்தா’. எங்கள் பக்கத்தில் ஒரு பெண் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுபோகும் பொருள்களில் கடைசிவரை தேயாமல் இருப்பது ஊர்ப் பெயர் ஒன்றுதான், அதைத்தான் உங்கள் கோப்பு அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது.

அந்தப் பெயருக்குப் பொருளும் உண்டு. இளைத்து வந்தவரின் களைப்பை ஆற்றும் குடி என்பதே எங்கள் பெரியவர்கள் சொல்லும் விளக்கம். ‘ஆற்று’ என்பது பேச்சில் ‘ஆத்து’ என்றாவதுபோல, இளையாற்றங்குடி இளையாத்தங்குடி ஆயிற்று. நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் ஒன்பது கோவில்களுள் ஒன்றான கைலாசநாதர் கோவில் இங்கே இருப்பதால், வெளிநாட்டில் வாழும் குடும்பங்களும் தங்கள் கோவிலைச் சொல்லும்போது இப்பெயரையே சொல்கின்றன. நடுவில் உள்ள ‘ஆற்ற’ என்பதை நீக்கினால் நீங்குவது எழுத்து மட்டுமன்று, பொருளும்தான். இளையான்குடிக்கோ தனிப் பெருமை உண்டு. மழை இரவில் வயலில் விதைத்த நெல்லை வாரி வந்து அடியவருக்கு அமுது படைத்த மாற நாயனாரின் ஊர் அது. அவ்வூரின் பெருமையை எங்கள் மீது ஒட்டுவது இரண்டு ஊர்களுக்கும் நியாயமன்று.

தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுத 2020இல் அரசு ஆணை வெளியிட்டு, எதிர்ப்புகளுக்குப் பின் திரும்பப் பெற்றது. ஆங்கில எழுத்துக்கு அவ்வளவு யோசித்தோம். தமிழ்ப் பெயரைத் தமிழில் பிழையின்றி எழுதுவதற்கு எந்த ஆணைக்காகக் காத்திருக்கிறோம்? ஏந்தல், வயல், ஊருணி என்று முடியும் பெயர்களிலும் எழுத்துகள் இப்படியே உதிர்கின்றன. எழுதுவதற்கு முன் அந்தந்த ஊரில் ஒரு பெரியவரைக் கேட்டால் போதுமே.

இளையாத்தங்குடியை இளையாத்தங்குடி என்றே எழுதுங்கள். உங்கள் பதிவால் நேர்ந்த பிழையை, மக்களை அலைய விடாமல் நீங்களே திருத்துங்கள். அத்தையின் சான்றிதழ் இன்னும் திருத்தப்படாமல்தான் இருக்கிறது. அதிலிருந்தே தொடங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இளையாத்தங்குடிக்காரன் ஒருவன்