மாட்டை இழந்தவருக்கு உடனே இழப்பீடு

ஆசிரியருக்கு வணக்கம்.

புலிகள் வாழும் 13 நாடுகள், காட்டுப் புலிகளை 2022-க்குள் இரட்டிப்பாக்க 2010-இல் உறுதியெடுத்தன. நேபாளம் கிட்டத்தட்ட மூன்று மடங்காக்கியது: 2009-இல் 121, 2022-இல் 355. பெரிய சாதனைதான். ஆனால் காட்டோரத்தில் மாடு வளர்ப்பவர் படும் பாட்டை யார் கணக்கில் எடுக்கிறார்கள்?

அடித்த மாட்டைப் புலி ஒரே வேளையில் தின்று முடிக்காது. புதருக்குள் இழுத்துப் போட்டுவிட்டு மறுபடி வரும். அந்த இடைவெளியில்தான் இறைச்சியில் பூச்சிமருந்தைக் கலந்துவிடுகிறார்கள். தாயோடு குட்டிகளும் சாகின்றன. மிச்சத்தைத் தின்னும் கழுகுகளும் தப்புவதில்லை.

விஷம் வைப்பது குற்றம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கறவை மாட்டைப் பறிகொடுத்தவரை இழப்பீட்டுக்காக மாதக்கணக்கில் அலையவிட்டால் அந்தக் கோபம் எங்கே போகும்? வனத்துறையினர் அன்றைக்கே வந்து பார்க்க வேண்டும், சில நாட்களில் பணம் கைக்கு வர வேண்டும். புலி தின்று முடிக்கும்வரை அந்த இடத்துக்குக் காவல் போட வேண்டும். அப்புறம், இரவில் மாடுகளை அடைக்க உறுதியான தொழுவம் கட்டவும் அரசு உதவ வேண்டும்.

மான், காட்டுப்பன்றி வேட்டையைத் தடுப்பதும் இதே அளவு அவசரம். காட்டில் இரை குறைந்தால் புலி தொழுவத்தைத்தான் தேடி வரும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்