பக்கத்து பிட்டிலிருந்து (பந்தய வண்டிகளைப் பழுது பார்க்கும் இடம்) வந்த அண்ணாவுக்கு நன்றி

பாகங்களாக வாங்கி நாங்களே கட்டிய கிட் காரை, பல மணி நேரம் ஓடும் எண்டியூரன்ஸ் பந்தயத்தில் இறக்கியிருந்தோம். இரண்டாவது ஓட்டுநர் ஏறிய கொஞ்ச நேரத்தில் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கியது. சூட்டில் பிரேக் ஆயில் கொதித்து ஆவிக் குமிழி கட்டிவிட்டது. ஆயில் அழுத்தத்துக்கு நசுங்காது, ஆவி நசுங்கும். அப்புறம் பெடல் தரையைத் தொடாமல் என்ன செய்யும்?

அப்போதுதான் அண்ணா, நீங்கள் வந்தீர்கள். யாரும் கூப்பிடவில்லை. உங்கள் வண்டியும் அதே பந்தயத்தில் ஓடிக்கொண்டிருந்தது! கையில் சீல் பிரிக்காத டாட் 5.1 ரக பிரேக் ஆயில் குப்பி. புது டாட் 4 ரக ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது, ஈரம் ஏறினால் அந்த வரம்பு 155க்கு இறங்கும், டாட் 5.1க்கு அவை 260, 180 என்று பொறுமையாகச் சொன்னீர்கள். பிரேக் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் ஆறும்வரை எங்களைக் காத்திருக்க வைத்தீர்கள். பிறகு தரையில் படுத்து, ஒவ்வொரு சக்கரமாக ஆயில் வெளியேறும் நிப்பிளைத் திறந்து மூடி, குமிழி நிற்கும்வரை பழைய ஆயிலை வெளியேற்றினீர்கள். போகிற போக்கில் முன் டிஸ்க்குக்குக் காற்று போகவில்லை என்று கவனித்து, அலுமினியத் தகட்டை வளைத்து ஒரு வழியும் செய்து கொடுத்தீர்கள். எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

கடைசிவரை பெடல் கெட்டியாகவே இருந்தது, பந்தயம் முடிந்து கொடி விழும்போது எங்கள் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. நன்றி சொல்ல வந்தபோது நீங்கள் கிளம்பியிருந்தீர்கள். இதைப் படித்தால் ஒரு வரி எழுதுங்கள் அண்ணா. உங்களுக்கு ஒரு குப்பி ஆயில் தர வேண்டியிருக்கிறது.