வீடியோ ஓடும்போது பிரௌசர் விழுந்தால் ‘கேச்சை அழியுங்கள்’ என்பது பதிலாகாது

இணையத்தில் வகுப்புகளும் படங்களும் தொடர்களும் ஓடவிடும் தளங்களின் தொழில்நுட்பக் குழுவினருக்கும், உதவி மையத்தில் பதில் எழுதுபவர்களுக்கும்,

வணக்கம். சின்ன ஊர் ஒன்றில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். “வீடியோ போட்டா க்ரோம் தானா மூடிக்குது” என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் இல்லாத வாரமே கிடையாது. பெரும்பாலும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள், நீட்டுக்கோ டி.என்.பி.எஸ்.சி.க்கோ ஆன்லைனில் படிப்பவர்கள். என்னிடம் வருவதற்கு முன் உங்கள் உதவி மையத்துக்கு எழுதிப் பார்த்திருப்பார்கள். எல்லாருக்கும் ஒரே பதில்தான் வந்திருக்கும்: கேச், குக்கீஸ் (பிரௌசர் சேர்த்து வைத்திருக்கும் தற்காலிகக் கோப்புகளும், லாகின் போன்ற குறிப்புகளும்) அழியுங்கள், பிரௌசரை அப்டேட் செய்யுங்கள், ரீஸ்டார்ட் செய்யுங்கள், வேறு பிரௌசரில் பாருங்கள்.

இந்தப் பதிலால் பணமும் நேரமும் வீணாகிறது என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் குக்கீஸ் விஷயம். அதை அழித்ததும் எல்லாத் தளங்களிலிருந்தும் வெளியே வந்துவிடுகிறார்கள். திரும்ப உள்ளே போனால், இரண்டு கருவிகளில்தான் பார்க்கலாம் என்று வரம்பு வைத்திருக்கும் தளங்கள் சில, அதே லேப்டாப்பை மூன்றாவது கருவியாக எண்ணிக் கதவை அடைத்துவிடுகின்றன. வகுப்பு ஓடவில்லை என்று கேட்கப் போன பிள்ளைக்குக் கணக்கே முடங்கிப்போகிறது. பிரௌசர் விழுந்ததற்கும் குக்கீஸுக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இருக்காது.

சம்பந்தம் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். ஒரு அக்கா தன் மகளின் லேப்டாப்பைக் கொண்டுவந்தார். இன்டெலின் நான்காம் தலைமுறை ஐ3 பிராசஸர், 4 ஜிபி ரேம், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. நீங்கள் சொன்ன அத்தனையும் செய்தாகிவிட்டது, வேறொரு கடையில் காசு கொடுத்து விண்டோஸையும் புதிதாகப் போட்டாகிவிட்டது. வகுப்பைப் போட்டுப் பார்த்தேன். கொஞ்ச நேரம் நன்றாக ஓடியது. பிறகு திரை ஒரு கணம் கருத்தது, படம் உறைந்தது, சத்தம் மட்டும் இரண்டு வார்த்தை ஓடி நின்றது, பிரௌசரே மூடிக்கொண்டது. கோளாறுகளைக் குறித்து வைக்கும் விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறந்தால் அதே நிமிடத்தில் 4101 என்ற பதிவு நிற்கிறது: டிஸ்ப்ளே டிரைவர் (திரையில் படம் வரையும் கிராஃபிக்ஸ் பகுதியை இயக்கும் மென்பொருள்) பதில் தரவில்லை, மீண்டும் எழுப்பப்பட்டது. கிராஃபிக்ஸ் பகுதி 2 விநாடி பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் அதைத் தட்டி மறுபடி தொடங்க வைக்கும். அந்த நேரம் அதை நம்பி ஓடிக்கொண்டிருந்த பிரௌசர் கீழே விழுந்துவிடலாம்.

புதிதாக விண்டோஸ் போட்டபோது அதுவாகவே ஏற்றிக்கொண்ட பொதுவான டிரைவர்தான் உள்ளே இருந்தது. லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் அந்த மாடலுக்கென்று இருந்த டிரைவரைப் போட்டேன். அதற்கு முன், சந்தேகம் தீர, குரோமின் செட்டிங்ஸில் சிஸ்டம் என்ற பகுதியில் இருக்கும் கிராஃபிக்ஸ் ஆக்சிலரேஷனை (வீடியோ வேலையைக் கிராஃபிக்ஸ் பகுதியிடம் விடும் வசதி) அணைத்து வகுப்பை ஓடவிட்டேன். விழவில்லை. பிராசஸர் சூடானது, ஃபேன் இரைந்தது, ஆனால் வகுப்பு முடியும்வரை ஓடியது. கோளாறு எங்கே என்று அந்த ஒரு சோதனையே காட்டிவிட்டது. உங்கள் பதில்களில் இந்த ஒரு வரியை நான் கண்டதே இல்லை.

இன்னொரு வகையும் அடிக்கடி வருகிறது. இதில் பிரௌசர் முழுக்க மூடாது, அந்த டேப் மட்டும் செத்து, சோகமுகம் போட்ட பக்கம் வரும். அடியில் அவுட் ஆஃப் மெமரி என்று இருக்கும். குரோமில் ஷிஃப்டும் எஸ்கேப்பும் சேர்த்து அழுத்தினால் அதற்கென்று ஒரு டாஸ்க் மேனேஜர் திறக்கும். ஒவ்வொரு டேபும் எவ்வளவு மெமரி தின்கிறது என்று தனித்தனி வரிசையில் காட்டும். நேரலை வகுப்பைத் திறந்து வைத்து அந்த எண்ணைக் கவனித்துப் பாருங்கள். வகுப்பு போகப் போக எண் ஏறிக்கொண்டே போகிறது, இறங்குவதே இல்லை. லைவ் சாட்டை மூடிவிட்டு மறுபடி பார்த்தால் ஏறுவது பெரும்பாலும் நின்றுவிடுகிறது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் போடும் “குட் மார்னிங் சார்” எல்லாவற்றையும் பக்கம் கடைசிவரை சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறது. பழைய செய்திகளை அவ்வப்போது கழித்துவிட உங்கள் ஆட்களுக்கு ஒரு நாள் வேலை இருக்குமா? 16 ஜிபி உள்ள உங்கள் அலுவலக மெஷினில் இது தெரியாது. 4 ஜிபி ரேமில் விண்டோஸ் எழுந்து உட்காரவே பாதிக்குப் பக்கம் போய்விடுகிறது. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாததால் படத்துக்கான மெமரியும் அதே ரேமிலிருந்துதான் போக வேண்டும்.

படத்தின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 1080 தரத்தில் விரித்த ஒரு ஃபிரேம், அதாவது வீடியோவின் ஒரு தனிப் படம், ஏறக்குறைய 3 எம்பி. 4கே என்றால் 12 எம்பி. சுருக்கி வந்த வீடியோவைப் பிரிக்கும் டிகோடர் ஒரே நேரத்தில் பல ஃபிரேம்களைக் கையில் வைத்திருந்தால்தான் அடுத்ததை வரைய முடியும். 14 அங்குலத் திரையில், அதுவும் கரும்பலகை எழுத்துக்கு, இவ்வளவு தேவையே இல்லை.

வீடியோ எந்த வடிவத்தில் சுருக்கப்பட்டு வருகிறது என்பதும் சேர்ந்துகொள்கிறது. 2003-இல் வந்த எச்.264 என்ற வடிவத்தை இந்தப் பழைய லேப்டாப்புகளும் சிப்பிலேயே பிரித்துவிடும். வி.பி.9-ஐ இன்டெலின் ஏழாம் தலைமுறையிலிருந்துதான் சிப்பே முழுமையாகப் பிரிக்கிறது. ஏ.வி.1-க்குப் பதினோராம் தலைமுறை வேண்டும், அது 2020-இல் வந்தது. அதற்கு முந்தைய மெஷின்களில் பிராசஸர்தான் மூச்சு வாங்கிக்கொண்டு செய்ய வேண்டும். புது வடிவங்கள் டேட்டாவை மிச்சப்படுத்துகின்றன என்பது உண்மை, மொபைலில் பார்ப்பவருக்கு அது பெரிய உதவி. ஆனால் எதிரே இருக்கும் மெஷின் எதைத் தாங்கும் என்று கேட்டுவிட்டு அனுப்ப உங்களுக்கு வழி இருக்கிறது. மீடியா கேபபிலிட்டிஸ் என்று பிரௌசர்களிலேயே ஒரு வசதி உண்டு. இந்த வடிவம், இந்த அளவு, இத்தனை ஃபிரேம் என்று கொடுத்தால், ஓடுமா, தடங்கலில்லாமல் ஓடுமா, மின்சாரத்தைத் தின்னாமல் ஓடுமா என்று மூன்றுக்கும் பதில் தரும். மூன்றாவதற்கு ‘இல்லை’ என்று வந்தால் எச்.264-இல் 720-ஐக் கொடுங்கள். பிளேயரிலேயே ‘பழைய கணினிக்கு’ என்று ஒரு தேர்வு வைத்து, ஒருமுறை தேர்ந்தெடுத்தால் அடுத்த வகுப்புக்கும் அதையே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உதவி மையத்தில் எழுதுபவர்களிடம் ஒரு வேண்டுகோள். விழுந்தது எது என்று முதலில் கேளுங்கள். பிரௌசரே மூடினால் ஒரு காரணம், டேப் மட்டும் போனால் இன்னொன்று, படம் கருத்துச் சத்தம் மட்டும் வந்தால் வேறொன்று. கடைசி வகையில் காப்புரிமைப் பூட்டைத் திறக்கும் வைட்வைன் பகுதி பழசாகிப் போயிருக்கலாம். பிரௌசரைப் பற்றியும் கேளுங்கள். விண்டோஸ் 7-இலும் 8.1-இலும் குரோம் 109-ஓடு நின்றுவிட்டது, அது 2023 ஜனவரியில் வந்த பதிப்பு. அப்படிப்பட்டவரிடம் “அப்டேட் செய்யுங்கள்” என்றால் அவர் பொத்தானைத் தேடித் தேடிச் சோர்ந்துபோவார். ஸ்க்ரீன்ஷாட் அனுப்பச் சொல்கிறீர்கள். பூட்டுப் போட்ட வீடியோவை ஸ்க்ரீன்ஷாட் எடுத்தால் பல நேரம் வெறும் கருப்புதான் பதிவாகிறது. “கருப்பாகத்தானே இருக்கிறது, தெளிவாக அனுப்புங்கள்” என்று பதில் வந்ததை ஒரு பையன் என்னிடம் காட்டினான். அவனுக்குக் கோபம்கூட வரவில்லை. தான்தான் ஏதோ தப்பாகச் செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தான். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்த லேப்டாப்புகளை அண்ணன், அக்காவிடமிருந்து வாங்கி இன்றும் தம்பி தங்கைகள் வைத்துப் படிக்கிறார்கள். “இதைத் தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க” என்று அவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வராது. மெஷின் கெட்டுப்போகவில்லை. எச்.264 வீடியோவைக் கொடுத்தால் இன்னமும் ஓடத்தான் செய்கிறது.

உங்கள் அலுவலகத்துக்கு 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப் ஒன்றை வாங்கி வையுங்கள். புதிதாக எதை வெளியிட்டாலும், ஒரு முழு நேரலை வகுப்பை, லைவ் சாட்டோடு, அதில் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு வெளியிடுங்கள். மார்ச்சில் பிளஸ் டூ பொதுத்தேர்வு, மே மாதம் நீட். மற்றதெல்லாம் பிறகு வந்தாலும் சரி, அந்த 720 தேர்வையும் சாட்டை மூடும் பொத்தானையும் தேர்வுக்கு முன் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்காரர்